மூன்று நிமிட ஆட்டமும் நான்காம் பலகையும்

அணியில் என்னை முதல் பலகையிலிருந்து நான்காம் பலகைக்கு இறக்கிய செய்தி, வெலிங்டன் தீவிலிருந்து மட்டாஞ்சேரிக்குத் திரும்பும் படகில் என் ஃபோனுக்கு வந்தது. "சார், நாளைக்கு மேட்ச்ல நீங்க நாலாவது போர்டு. தப்பா எடுத்துக்காதீங்க. காலையில வீட்டுக்கு வந்து பேசறேன்." அனுப்பியவர் எங்கள் கேப்டன். "செரி" என்று மட்டும் பதில் போட்டுவிட்டு ஃபோனைச் சட்டைப்பையில் வைத்தேன். பக்கத்தில் நின்றவர் என்னிடம் ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்று மனதில் ஏறவில்லை. தலையை ஆட்டி வைத்தேன்.

அது இணையத்தில் நடக்கும் செஸ் லீக். ஊருக்கு ஓர் அணி, அணிக்கு நான்கு பேர். இருப்பதில் பலமானவருக்கு முதல் பலகை, அடுத்தவருக்கு இரண்டாவது, அப்படியே கீழே. ஞாயிறு பிற்பகலில் மேட்ச். ஒவ்வொருவரும் எதிரணியில் அதே பலகைக்காரரோடு நான்கு ஆட்டம் ஆட வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு ஒருவருக்கு மூன்றே நிமிடம். அது தீர்ந்துபோனால், ஒரு ராணி கூடுதலாக வைத்திருந்தாலும் தோல்விதான். முதல் நான்கு வாரத்தில் நான் பதினாறு ஆட்டம் ஆடி பதின்மூன்றில் தோற்றிருந்தேன். அதனால் செய்தியில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. ஆனாலும் படகை விட்டு இறங்கி, கிடங்குகளைத் தாண்டி கொச்சங்காடியில் இருக்கும் வீட்டுக்கு நடக்கும்போது காது சூடாகத்தான் இருந்தது.

எனக்கு அப்போது ஐம்பது முடிந்திருந்தது. கல்லூரி நாளில் பல்கலைக்கழக அணிக்கு ஆடினேன். மாநிலப் போட்டிகளில் மூன்று முறை கடைசிச் சுற்றுவரை முன்னணியில் இருந்தேன். இன்றைக்கும் எர்ணாகுளத்தில் பலகை போட்டு ஆடும் நீண்ட ஆட்டங்களில், ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் கொடுக்கும் போட்டிகளில், என் எதிரே உட்கார யாரும் ஆசைப்பட மாட்டார்கள். அந்தப் பேரை வைத்துத்தான் என்னை முதல் பலகையில் போட்டார்கள்.

பிழைப்பு வேறு. தீவில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் ஆவணங்களைச் சரிபார்ப்பது என் வேலை. ஒரு கண்டெய்னருக்கு நான்கு எழுத்தும் ஏழு எண்ணும் இருக்கும். அதில் ஒன்று மாறினாலும் சரக்கு துறைமுகத்தில் கிடந்துவிடும். இருபத்தாறு வருடமாக ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறேன். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு.

கேப்டனுக்கு இருபத்தெட்டு வயது. திண்டுக்கல்காரர். காக்கநாட்டில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். நீண்ட ஆட்டத்தில் அவரை நான் மூன்று முறை தோற்கடித்திருக்கிறேன். மூன்று நிமிட ஆட்டத்தில் அவரிடம் நான் ஒரு முறைகூட ஜெயித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மடிக்கணினியோடு வந்தார். என் மனைவி தையல் மெஷினில் ஒரு ரவிக்கைக்குக் கை பூட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் வைத்தே அக்கம்பக்கத்துக்குத் தைத்துக் கொடுக்கிறாள். எழுந்துபோய் சாயா போட்டு வைத்துவிட்டு மறுபடி மெஷினில் உட்கார்ந்தாள். முன்னறை ஒன்றுதான். அதனால் நாங்கள் பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்தது.

"சார், நீங்க தோத்த ஆட்டம் பதிமூணையும் எடுத்து, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எத்தனை செகண்ட் ஆச்சுன்னு பாத்தேன்," என்றார் கேப்டன். "அந்தக் கணக்கை சைட்டே வெச்சிருக்கும். இங்க பாருங்க. அவன் உங்க யானையை எடுக்கறான்."

"யானை அங்க இல்லையே. அது இந்தப் பக்கம் நிக்குது."

இருவரும் கொஞ்ச நேரம் குழம்பினோம். அவர் யானை என்று சொன்னது மூலையில் நிற்கும் காயை. மலையாளத்தில் விளையாடி வளர்ந்த எனக்கு யானை என்றால் குறுக்காக ஓடும் காய். மூலையில் நிற்பது தேர். எங்களுக்கு மந்திரி ராணியின் இடத்தில் நிற்பவர், அவருக்கு மந்திரிதான் குறுக்காக ஓடுபவர். கடைசியில் ரூக், பிஷப், ராணி என்று சொல்லிக்கொள்வதாக முடிவு செய்தோம். மெஷினிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

"சரி, ரூக்கை எடுத்துட்டான்," என்றார். "நீங்க திருப்பி எடுத்தே ஆகணும். வேற நகர்த்தலே கிடையாது. எவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டீங்க தெரியுமா? ஏழு செகண்ட்."

"சரிதானான்னு பாத்தேன்."

"எத்தன தடவ?"

நான் என் சாயாவை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

"இந்த ஆட்டத்துல மட்டும் இப்படி ஒம்பது இடம் இருக்கு சார். முதல் நகர்த்தலுக்கே நாலு செகண்ட். முப்பது வருஷமா ஆடறீங்க, முதல் நகர்த்தல்ல யோசிக்க என்ன இருக்கு? கஷ்டமான இடத்துல நீங்க யோசிக்கறத நான் ஒண்ணும் சொல்லல. அங்க நல்லாதான் யோசிக்கறீங்க. ஆனா அதுக்குள்ள நேரம் போயிடுது."

எனக்குக் கோபம் வந்தது. ஆராயாமல் ஆடுவது செஸ் இல்லை, அது கைவேகப் போட்டி என்றேன். அவர் மறுக்கவில்லை. சாயாவைக் குடித்து முடித்தார். "கைவேகப் போட்டிதான் சார். அதுல சேர்றேன்னு நீங்கதான் பேர் குடுத்தீங்க," என்றார்.

உண்மைதான். நான்தான் கொடுத்தேன்.

அன்று பிற்பகல் நான்காம் பலகையில் உட்கார்ந்து, கல்லூரியில் படிக்கும் ஒருவரிடம் மூன்று ஆட்டம் தோற்றேன். சாயங்காலம் நானே கேப்டனைக் கூப்பிட்டேன். "என்ன செய்யணும்னு சொல்லு. செய்றேன்."

அவர் சொன்னவை எளிமையானவை. வெள்ளைக்கு ஒரு தொடக்கம், கறுப்புக்கு ஒரு தொடக்கம், ஆறு மாதத்துக்கு வேறு எதையும் தொடக்கூடாது. எனக்கோ தொடக்கங்களை மாற்றி மாற்றி ஆடுவதில்தான் ருசி. ஒரு வாரம், சாப்பாட்டில் உப்புக் குறைந்ததுபோல இருந்தது. எதிராளி ஒரு காயை எடுத்தால், திருப்பி எடுப்பது ஒன்றே வழியென்றால், யோசிக்காமல் எடுக்க வேண்டும். ஒவ்வொரு மாலையும் பத்து ஆட்டம், அதற்கு மேல் கிடையாது. தொடர்ந்து இரண்டு தோற்றால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

கடைசியாகச் சொன்னதுதான் கடினம். தோற்றதும் இன்னோர் ஆட்டத்துக்கான பொத்தானை என் விரல் தானாக அழுத்தும். தோல்வியால் குறைந்த தரப் புள்ளியை உடனே மீட்க வேண்டும் என்ற வெறி, சாந்தமான ஆள் என்று பேர் வாங்கிய எனக்குள் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மனைவியிடம் சொல்லி வைத்தேன். இரண்டாவது தோல்வி என்று என் முகத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். "மதி, போதும், எந்திரிங்க," என்பாள். நான் எழுந்து படகுத்துறைவரை நடந்துவிட்டு வருவேன். முதல் சில நாள், நடக்கும் வழியெல்லாம் தோற்ற ஆட்டத்தையே மனதில் திரும்ப ஆடினேன். மூன்றாவது வாரம், திரும்பும் வழியில் மீன் வாங்கி வந்தேன்.

ஒரு மாதத்தில் நேரம் தீர்ந்து தோற்பது பாதியாகக் குறைந்தது. ஆனால் வேறொரு தோல்வி வெளியே தெரிய ஆரம்பித்தது. எதிராளியின் பிஷப் தூரத்து மூலையில் ஒதுங்கி நிற்கும். நான் ஏதோ நகர்த்துவேன். அது பலகை முழுவதையும் குறுக்காகக் கடந்து வந்து என் ரூக்கை எடுத்துக்கொண்டு போகும். ஒரே வாரத்தில் ஐந்து முறை இப்படி நடந்தது.

கேப்டன் அந்த மாதிரி நிலைகளாக இருபது எடுத்து அனுப்பினார். நான் மரப்பலகையில் காய்களை அடுக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இருபதையும் உடனுக்குடன் கண்டுபிடித்துவிட்டேன்.

"எனக்குப் புரியல சார்," என்றார் ஃபோனில். "போர்டுல வெச்சா பாக்கறீங்க. ஸ்க்ரீன்ல பாக்க மாட்டேங்கறீங்க."

எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தேன். யாரிடமும் சொல்லாத ஒரு விஷயம் இருந்தது. அந்த வருடத் தொடக்கத்தில் அலுவலகத்தில் ஒரு கண்டெய்னர் எண்ணில் மூன்று என்பதை எட்டு என்று விட்டுவிட்டேன். அடுத்த மேசையில் இருந்தவர் பார்த்துத் திருத்தினார். இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. அதிலிருந்து எண்களை மூன்று முறை பார்க்கத் தொடங்கினேன். என் பெரியப்பாவுக்கு அறுபது ஆகும் முன்பே மறதி வந்தது. முதலில் சாவியை மறந்தார், பிறகு தெருவை, பிறகு எங்களை. எனக்கும் அது ஐம்பதிலேயே ஆரம்பித்துவிட்டது என்று உள்ளுக்குள் எடுத்துக்கொண்டேன். மூளை மங்கியவன் நீண்ட ஆட்டத்தில் மட்டும் எப்படித் தெளிவாக இருப்பான் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பயம் வந்துவிட்டால் இப்படிப்பட்ட கேள்விகள் வருவதில்லை.

அந்த வாரம் ஆட்டங்களைக் குறைத்தேன். கேப்டனிடம் வேலை அதிகம் என்று பொய் சொன்னேன்.

வியாழக்கிழமை மாலை ஆடிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக் கணினி பழையது. அதன் திரையை ஒரு மரப்பெட்டியின் மேல் உயர்த்தி வைத்திருக்கிறோம். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல மூலையிலிருந்து பிஷப் வந்து என் ரூக்கை எடுத்தது.

"ஏங்க, உங்களுக்குக் கழுத்து வலிக்குதா?" என்றாள்.

"இல்லையே."

"பின்ன எதுக்கு கோழி தண்ணி குடிக்குற மாதிரி தலையத் தூக்கித் தூக்கிப் பாக்குறீங்க? ரொம்ப நாளா கவனிக்கிறேன். மேல இருக்கிறதப் பாக்கணும்னா தாடைய ஒசத்துறீங்க. ஆட்டம் வேகமானா ஒசத்துறதில்ல."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"அந்தப் புதுக் கண்ணாடி வந்ததுக்கப்புறம்தான் இப்படி," என்றாள். "எனக்கும் இந்த மாதிரி ஒண்ணு எழுதிக் குடுத்தாங்க. மெஷின்ல உக்காந்தா ஊசி தெரியல. திருப்பிக் குடுத்துட்டேன்."

புதுக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தேன். கோடு தெரியாமல், மேலே தூரப்பார்வையும் கீழே படிக்கும் பார்வையும் ஒரே கண்ணாடியில் சேர்ந்தது. வாங்கியது முந்தைய டிசம்பரில். மறுபடி போட்டுக்கொண்டு, தலையை அசைக்காமல் திரையைப் பார்த்தேன். கீழ்ப் பாதியில் என் காய்கள் கூர்மையாக நின்றன. மேலே எதிராளியின் காய்கள் ஈரத்தில் நனைந்த மாதிரி இருந்தன. மூலையில் நின்றது பிஷப்பா சிப்பாயா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தாடையை உயர்த்தினேன். பிஷப்.

மரப்பலகை மேசைமேல் படுத்துக் கிடக்கும். குனிந்துதான் பார்ப்போம், கண் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் போகும். அலுவலகத்தில் திரை நிமிர்ந்து நிற்கிறது. மூன்று எட்டாகத் தெரிந்ததும் அங்கேதான்.

மனைவியிடம் அப்போதுதான் அலுவலக விஷயத்தைச் சொன்னேன். பெரியப்பா பேச்சையும் சொன்னேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எத்தன மாசமா இத மனசுல வெச்சிட்டிருந்தீங்க?"

"ஜனவரியிலருந்து."

"என்கிட்ட ஒரு வாக்கு சொல்லியிருந்தா அன்னைக்கே கண்ணாடியப் பத்திச் சொல்லியிருப்பேனே," என்றாள். குரலில் வருத்தம் இருந்தது. சட்டையை மடித்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலை அவளே, "இன்னைக்கு அரை நாள் லீவு போடுங்க, நானும் வரேன்," என்றாள்.

கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கும் பெண் ஒரு நாடாவை என் மூக்கிலிருந்து அவருடைய திரைவரை நீட்டி அளந்தார். கணினிக்கு மட்டும் அந்தத் தூரத்துக்குத் தனிக் கண்ணாடி போதும், ஒரே பவர், மேலே கீழே வித்தியாசம் கிடையாது என்றார். இப்படி தினமும் இரண்டு பேராவது வருகிறார்கள் என்றும் சொன்னார். அவர் அதை மிகச் சாதாரணமாகச் சொன்னதில் எனக்கு ஒரு நிம்மதி. நான்கு நாளில் கண்ணாடி வந்தது. வீட்டில் திரைமுன் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். பலகையின் எட்டு வரிசையும் ஒரே அளவு தெளிவாக இருந்தன. நான் ஆட்டம் எதுவும் ஆரம்பிக்காமல் கொஞ்ச நேரம் வெறுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேப்டனிடம் ஃபோனில் சொன்னேன். "ரெண்டு வாரம் உட்காந்து உங்களுக்கு இருபது பொசிஷன் தேடினேன் சார்," என்றார். "அக்காகிட்ட குடுங்க."

மனைவி ஃபோனை வாங்கிக்கொண்டாள். இருவரும் அரை மணி நேரம் பேசினார்கள். என்னைப் பற்றித்தான் என்று தெரிந்தது. என்ன பேசினார்கள் என்று இருவருமே சொல்லவில்லை.

கண்ணாடியால் எல்லாம் சரியாகிவிடவில்லை. அடுத்த ஞாயிறு எதிராளி என் குதிரையை எடுத்தார். சொல்லிக்கொடுத்தபடி ஒரு விநாடியில் திருப்பி எடுத்தேன். எடுப்பதற்கு முன்பு ஒரு செக் வைத்திருந்தால் அவருடைய ராணியே போயிருக்கும். ஆட்டம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. கேப்டனிடம் குறையாகச் சொன்னேன்.

"அது இருபதுல ஒரு தடவ வரும்," என்றார். "மத்த பத்தொம்பதுல நேரம் மிச்சமாகும். போகட்டும் விடுங்க."

போகட்டும் என்று விடுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. அலுவலகத்தில் எதையும் விட முடியாது, விடவும் கூடாது. இங்கே விட்டால்தான் நடக்கும். காலையில் ஒரு மாதிரி ஆளாகவும் மாலையில் வேறு மாதிரி ஆளாகவும் இருக்கப் பழகுவதற்கு எனக்கு முழுதாக இரண்டு மாதம் ஆனது. அலுவலகத்தில் எண்களை மறுபடி இரண்டு முறையே பார்க்கிறேன். மூன்றாவது முறை தேவைப்படவில்லை.

லீக்கின் கடைசி மேட்ச் கோழிக்கோடு அணியோடு. மற்ற மூன்று பலகைகளும் முடிந்துவிட்டன. என்னுடைய நான்காவது ஆட்டம் மட்டும் பாக்கி. நான் ஜெயித்தால் மேட்ச் சமன், இல்லையென்றால் தோல்வி. அணியின் குழுவில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியும். ஃபோனை மனைவி கையில் கொடுத்துவிட்டேன்.

ஆளுக்கு ஒரு ரூக், எனக்கு ஒரு சிப்பாய் கூடுதல். என்னிடம் பதினொரு விநாடி, அவரிடம் ஒன்பது. அந்த முடிவாட்டத்தை எப்படி ஜெயிப்பது என்று பத்தொன்பது வயதில் படித்தது. நீண்ட ஆட்டமாக இருந்தால் ஒவ்வோர் அடியையும் சரிபார்த்திருப்பேன். அன்று கை தானாகப் போனது. ராஜாவை வெளியே கொண்டுவந்தேன், ரூக்கைக் குறுக்கே நிறுத்தினேன், சிப்பாயைத் தள்ளினேன். எங்கேயும் நின்று பார்க்கவில்லை. அவர் ஒரு செக் கொடுத்துவிட்டு யோசித்தார். யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய நேரம் தீர்ந்தது. எனக்கு இரண்டு விநாடி மிச்சம் இருந்தது.

என் உள்ளங்கை முழுக்க வேர்வை. மவுஸைத் துணியால் துடைத்தேன். ஃபோன் அதிர்ந்தது. மனைவி படித்துக் காட்டினாள். "எனக்கு நெஞ்சு வலியே வந்துருச்சு சார். அடுத்த தடவ நாலு செகண்டாவது வைங்க."

மேட்ச் சமன். பத்து அணிகளில் எங்களுக்கு ஆறாவது இடம். பரிசு எதுவும் கிடையாது. என் தனிப்பட்ட தரப் புள்ளி அந்த ஆறு மாதத்தில், முன்பு இருந்ததைவிட நூற்றைம்பதுக்குக் கொஞ்சம் அதிகமாக ஏறி, அங்கேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் ஏறவில்லை. இனி ஏறும் என்றும் நினைக்கவில்லை. இருபது வயதுக்காரர்களின் கை என் கையைவிட வேகமாகத்தான் இருக்கும்.

இந்தப் பருவம் தொடங்கும்போது கேப்டன் என்னை மறுபடி முதல் பலகைக்குக் கூப்பிட்டார். அதற்குள் அவர் புனேக்கு மாறிப் போயிருந்தார். கேப்டன் பொறுப்பை மட்டும் விடவில்லை. ஆட்டம் இணையத்தில்தானே என்றார். நான் இரண்டாவது பலகை போதும் என்றேன். ஏன் என்று கேட்டார். முதல் பலகையில் ஆடினால் மறுபடி யோசிக்க ஆரம்பித்துவிடுவேன் என்றேன். அவர் கொஞ்சம் சிரித்துவிட்டு, "சரி சார், ரெண்டுலயே உக்காருங்க," என்றார்.

சென்ற ஞாயிறு முதல் இரண்டு ஆட்டமும் தோற்றேன். மேட்ச் நடுவில் நிறுத்திவிட்டுப் போக முடியாது. ஆனால் அடுத்த ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் இடைவெளி இருந்தது. எழுந்து அடுக்களைக்குப் போனேன். மனைவி கப்பைக் கிழங்குக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டேன். சூடாக இருந்தது.

"எத்தன போச்சு?" என்றாள்.

"ரெண்டு."

"இன்னும் ரெண்டு இருக்கில்ல. இந்தத் தேங்காயத் திருவிக் குடுத்துட்டுப் போங்க."

திருவிக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். மூன்றாவதில் ஜெயித்தேன். நான்காவது டிரா.